நரிக்கு முள் விற்ற கூராயி

கருவேலங்காட்டு முள்ளம்பன்றிகள் தங்கள் உதிர்ந்த முட்களை அக்கம்பக்கத்துக் காடுகளுக்கு விற்றுவந்தன. அவற்றின் தலைவி கூராயி. அணில்களும் கீரிகளும் அந்த முட்களை முள்ளம்பன்றிகள் காய்ச்சிய பிசினால் முதுகில் ஒட்டிக்கொண்டு பருந்துக்குப் பயப்படாமல் திரிந்தன. விலையாகக் கிழங்கும் பழமும் கொடுத்தன.

ஒருநாள் நரித் தலைவன் ஊளையப்பன் வந்தது.

"எங்கள் கூட்டம் முழுவதற்கும் முள் வேண்டும். மற்றவர்கள் ஒரு கிழங்கு கொடுத்தால் நாங்கள் ஒரு குவியலே கொடுப்போம்!"

கூராயிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அன்றைக்கே எல்லா நரிகளுக்கும் முள் ஒட்டி அனுப்பியது.

மறுநாள் நரிகள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு காட்டின் ஒரே குளத்தை வளைத்தன. "இனி இது எங்கள் குளம்!" என்று நாள் முழுதும் நீரில் கும்மாளம் போட்டன. தண்ணீர் குடிக்க வந்த முயல்கள் சிதறி ஓடின.

பஞ்சி என்ற முயல் நேராகக் கூராயியிடம் வந்தது.

"அக்கா, எங்கள் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கிறார்கள். எல்லாம் நீங்கள் விற்ற முள்ளால்தான்!"

"விற்றதை எப்படித் திரும்பக் கேட்பேன்?" கூராயி தலையைத் தொங்கப்போட்டது.

அப்போது தூரத்தில் ஒரு நரி கத்தியது. "கூராயி அம்மா! தண்ணீரில் ஊறி முள் கழன்றுவிட்டது. நாளைக்கு வருகிறோம், ஒட்டிவிடுங்கள்!"

பஞ்சியின் காது நிமிர்ந்தது. "அவர்களுக்கு ஒட்டத் தெரியாதா?"

"பிசின் காய்ச்சும் பக்குவம் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்படியென்றால் அவர்கள் குடுமி உங்கள் கையில்! பிசினை நிறுத்துங்கள்!"

"கிழங்கு நின்றுபோகுமே?"

"நரிக்குப் பயந்து கீரிகள் இனி இந்தப் பக்கமே வரப்போவதில்லை. ஒரே ஆளை நம்பி எத்தனை நாள் சாப்பிடுவீர்கள்?"

கூராயி யோசித்தது. பிசின் காய்ச்சுவதை நிறுத்திவிட்டது.

நரிகளின் பாடு திண்டாட்டமானது. பாதி முள் உதிர்ந்தது. மீதி முள் சாய்ந்து தோலையே குத்தியது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஊளையப்பன் நின்றபடியே தூங்கிப் பொத்தென்று விழுந்தது!

கடைசியில் அது நொண்டிக்கொண்டு வந்தது. "பிசின் கொடு! இல்லாவிட்டால் கிழங்கு கிடையாது!"

"கிழங்கை நீயே வைத்துக்கொள். குளத்தை விட்டுப் போனால் முள்ளைப் பிடுங்கிவிடுகிறேன். அதற்கு விலையே வேண்டாம்!"

நரிகள் முதுகைக் காட்டி வரிசையில் நின்றன. பிடுங்கிய ஒவ்வொரு முள்ளுக்கும் ஓர் ஊளை! காடே வயிறு குலுங்கச் சிரித்தது. முயல் குட்டிகள் குளத்துக்குப் பாய்ந்தன. கீரிகள் பழக்குலையோடு வந்து சேர்ந்தன.

ஆயுதம் விற்பவர் கிடைக்கும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அது யார்மேல் பாயும் என்பதையும் பார்க்க வேண்டும்.