சிரிப்புப்பூ காடான கதை

மலைகள் எல்லாம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கும் கொஞ்சம் முன்னால், மருதவேலி என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே அரண்மனைக்குப் பூப்பறித்துக் கொடுக்கும் குயிலாயிக்கு ஒரே மகள், பவளம். ஏழு வயது. மூன்றே நாள் காய்ச்சலில் அந்தப் பிள்ளை போய்ச் சேர்ந்தது. குயிலாயி வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

மொட்டைப்பாறை மந்திரவாதிக்கு மருதவேலியின் வயல்கள்மேல் வெகுநாளாக ஒரு கண். சேதி கேட்டதும் வந்து நின்றான்.

"இந்த விதையை நடு. பூத்தா உன் மக சிரிப்பா."

"பதிலுக்கு என்ன வேணும் சாமி?"

"ஒண்ணும் வேணாம். நட்ட கை மொத்தப் பூவையும் பறிச்சா செடி கருகிடும். வேற கை பட்டா ஒண்ணு நூறாகும். தெரிஞ்சுக்கோ."

உண்மையைச் சொல்லாமல் கொடுத்தால் மந்திரம் பலிக்காது, அதனால்தான் சொன்னான். சும்மா கொடுக்கிறவனைச் சந்தேகப்பட வேண்டாமா என்று கேட்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்க் கேளுங்கள்! அவள் விதையை வாங்கி வாசலிலேயே நட்டாள்.

காசித்தும்பை மாதிரி ஒரு செடி வந்தது. சிவப்பாக ஒரு பூ பூத்தது. விடிந்ததும் அது பவளத்தின் குரலில் கலகலவென்று சிரித்தது. குயிலாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு காய் முற்றியது. காற்று பட்டாலே வெடித்து நாலாபக்கமும் விதையைத் தெறிக்கவிட்டது. முதல் மாதம் வாசல் நிறைந்தது. இரண்டாம் மாதம் தெரு நிறைந்தது. மூன்றாம் மாதம் வயல் நிறைந்தது. பார்க்க என்ன அழகு! ஆனால் அழகைத் தின்ன முடியுமா? நெல்லுக்கு இடமில்லை, புல்லுக்கும் இடமில்லை.

பக்கத்து வயல்காரன் முத்தையன் வந்தான். "அக்கா, என் நாத்தங்காலை மூடிருச்சு. நான் புடுங்கினா நூறா முளைக்குது. நீங்க வந்து பறிச்சிடுங்க."

"பூதானே தம்பி, இருந்துட்டுப் போகட்டும்."

மாடு மேய்க்கும் சடையன் வந்தான். "அக்கா, மேய்ச்சலே இல்ல. ரெண்டு பசு செத்துப்போச்சு."

"பூதானே தம்பி, இருந்துட்டுப் போகட்டும்."

மூன்றாவதாக முத்தையன் மனைவி வடிவு வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் துவண்டு கிடந்தது.

"பால் சுரக்கல அக்கா. நான் சாப்பிட்டாத்தானே? நாளைக்கு ஊரே கிளம்புது. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். இவ வழி தாங்குவாளான்னு தெரியல."

"பூதானே..." என்று வாயெடுத்த குயிலாயி குழந்தையைப் பார்த்தாள். "ரெண்டு வாரம் பொறு வடிவு," என்று சொல்லிக் கூடையை எடுத்தாள்.

ஏழு நாள் பறித்தாள். விரல் வெடிக்கப் பறித்தாள். எட்டாம் நாள் வயல் முழுக்க மறுபடியும் சிரிப்பு. மொட்டைப்பாறைமேல் மந்திரவாதி கைகொட்டினான்.

"அக்கா," என்றாள் வடிவு, "செடிக்குச் செடி ஒரு பூவை விட்டுட்டு வர்றீங்களே, ஏன்?"

குயிலாயி திடுக்கிட்டுத் தன் கையைப் பார்த்தாள். பூப்பறிக்கிறவர்கள் செடியை மொட்டையடிக்க மாட்டார்கள். செடிக்கென்று ஒரு பூவை விட்டுத்தான் வருவார்கள். இருபது வருஷப் பழக்கம்.

"கைப்பழக்கம் வடிவு," என்றாள். பிறகு தலை குனிந்தாள். "கையை மட்டும் சொல்லி என்ன செய்ய? மனசும்தான் விடல."

மறுபடியும் பறித்தாள். இந்த முறை ஒன்றையும் விடவில்லை. வயல் கருகியது, தெரு கருகியது, வாசல் கருகியது. மகளின் சிரிப்பு ஊரில் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியில் முதல் செடியும் அதில் ஒரே ஒரு பூவும் மிஞ்சின.

அது சிரித்தது. குயிலாயி அதன் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஊரே சுற்றி நின்றது. ஒருவரும் "பறி" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"போயிட்டு வா கண்ணு," என்றாள். யாரை வழியனுப்பினாலும் நாம் அப்படித்தானே சொல்வோம்? அந்த "வா"வைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரித்தது பூ.

"இல்லடி தங்கம். வர வேண்டாம். போ."

பறித்தாள்.

சிரிப்பு நின்றது. மந்திரம் முறிந்ததும் மொட்டைப்பாறை இரண்டாகப் பிளந்து மந்திரவாதியை விழுங்கியது. மூன்று நாள் மழை கொட்டியது. மருதவேலி மறுபடி நாற்று நட்டது. சடையன் மீதி மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டினான்.

அறுவடையானதும் வழக்கமாக அரண்மனைக்குப் போகும் முதல் படி அரிசி இந்த முறை போகவில்லை, ராஜாவே வேண்டாம் என்றுவிட்டார். ஊர் கூடி அதைப் பொங்கிக் குயிலாயி வாசலுக்குக் கொண்டுவந்தது. வடிவு குழந்தையை அவள் மடியில் போட்டாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அது பவளத்தின் சிரிப்பு இல்லை, அதன் சொந்தச் சிரிப்பு. குயிலாயி அதைக் கேட்டு வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வாய் சாப்பிட்டாள்.