செவப்புக் கொழுந்து தின்ன ராசா

ஒரு மலைமேல ஒரு ஊராம். அந்த ஊருல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்கு ஒரே மக, பேச்சி. ஐப்பசி மழையில காய்ச்சல் கண்டு அந்தப் புள்ள செத்துப்போச்சு.

அந்த ஊருல பச்சப்புள்ள செத்தா இலுப்பை மரத்தடியிலதான் பொதைப்பாங்க. மாசிக் குளிருல மரம் இலையெல்லாம் உதுத்துட்டு செக்கச்செவேல்னு கொழுந்து விடுமில்ல, அது புள்ள திரும்பி வந்து எட்டிப் பாக்குறதாம். பெத்தவ போயி மரத்துக்குப் பழஞ்சேலையைச் சுத்தி, "குளிருதா கண்ணு"ன்னு கேப்பா. கொழுந்து பச்சையாகுற வரைக்கும் யாரும் கிள்ளக் கூடாது. பச்சையாயிட்டா புள்ள நிம்மதியாப் போயிருச்சுன்னு அர்த்தம்.

சிலம்பாயியும் சேலையும் கையுமா போயி நின்னா. மொதநாளு ஒண்ணுமில்ல. ரெண்டாநாளும் இல்ல. மூணாநாளு நுனியில செவப்பா ஒரு மொட்டு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

அந்த நேரம் பாத்து ராசா வந்தான். செவப்பு இலுப்பைக் கொழுந்து தின்னா எளந்தாரி ஆயிரலாம்னு எவனோ வைத்தியன் சொல்லிட்டானாம், அவன் வாயில மண்ணு விழ. ராசா ஒரு மரத்துல கிள்ளித் தின்னான், அடுத்த மரத்துல கிள்ளித் தின்னான், அப்புறம் பேச்சி மரத்துக்கு வந்தான்.

சிலம்பாயி கால்ல விழுந்தா. "சாமி, இது எம்மக. பச்சையாகட்டும், அப்புறம் எடுத்துக்கங்க."

"மரத்தைப் போயி மகளுங்குறியே, கூறுகெட்டவளே"ன்னு ராசா ஒடிச்சான். ஒடிச்ச எடத்துல பாலு வடிஞ்சுது. அதையும் நக்கிட்டு, கொழுந்தை மென்னு முழுங்கிட்டான்.

முழுங்கினதும் அவன் வாய்க்குள்ள இருந்து ஒரு புள்ளைக்குரலு, "அம்மா, குளிருது"ன்னுச்சு. ராசா வாயைப் பொத்துனான். கைக்குள்ள இன்னொரு குரலு, "அம்மா, இருட்டா இருக்கு"ன்னுச்சு. அசையாம கேளு. மூணாவது குரலு, "யம்மோவ், நான் இங்க இருக்கேன்"னுச்சு. பேச்சி அப்படித்தான் கூப்புடுவா.

சிலம்பாயி பெத்தவ இல்லையா, "வெளிய வாடி தங்கம்"னா.

வந்துச்சு. ராசா நகக்கண்ணுல செவப்பா, காதுல செவப்பா, கண்ணோரத்துல செவப்பா மொட்டு வெடிச்சுச்சு. காலு மண்ணுக்குள்ள எறங்கிருச்சு, தோலு பட்டையாயிருச்சு. "கிள்ளி எடுடி, வலிக்குது, கிள்ளி எடு"ன்னு கெஞ்சுனான்.

"பச்சையாகுற வரைக்கும் கிள்ளக் கூடாது ராசா"ன்னு சொல்லிட்டு சிலம்பாயி சேலையை அவனைச் சுத்திக் கட்டுனா. "குளிருதா கண்ணு"ன்னு கேட்டா. "இப்பக் குளிரலம்மா"ன்னு பேச்சி சொன்னா.

பங்குனியில கொழுந்தெல்லாம் பச்சையாச்சு. மூணு புள்ளைங்களும் போயிருச்சுங்க. சிலம்பாயி சேலையை அவுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனா.

ராசா மட்டும் போகல. எளமை கேட்டான்ல, வருசா வருசம் புதுக்கொழுந்து விடுறான். மாசி வந்தா அந்த மரத்துக்குள்ள இருந்து ஒரு கெழட்டுக்குரலு, "குளிருது, குளிருது"ன்னு முனகுமாம். ஆனா அவனுக்குன்னு சேலை எடுத்துட்டுப் போக யாருமில்ல.

பெத்தவ வேண்டாம்னு சொன்னா கையை எடுத்துரணும். அவன் காட்டுல, நாம வீட்டுல, கதை அம்புட்டுத்தான். போர்வையை இழுத்து மூடிக்க.