சஹனின் நடுச்சோறு

அந்தக் காலத்தில், வாயில்லா ஜீவன் என்று ஒன்றுமே இல்லாத நாளில், எல்லாவற்றையும்விட அதிகம் பேசியது பூனைதான். ஆடு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். காகம் விருந்தாளி வரும் சேதியோடு நிறுத்திக்கொள்ளும். பூனைக்கு வாய் ஓயாது. எந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரியும்.

அப்போது ஒரு கடற்கரைப் பட்டினத்தில் சபுரா என்றொருத்தி இருந்தாள். கணவன் கலந்தர் அரபுக் கரைக்குப் போகும் மரக்கலத்தில் ஏறிப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் நூகு, அடுத்தவள் மைமூன், கடைக்குட்டி முபாரக். அவனுக்கு நாலு வயசு. பரக்கத், அதாவது இறைவனின் அருள்வளம், பெற்றவன் என்று பொருள் வரும் அந்தப் பெயரைக் கலந்தர்தான் ஆசை ஆசையாக வைத்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சபுரா வீட்டில் பகலில் ஒருவேளைதான் உலை ஏறும். உழக்கு அரிசிச் சோற்றைச் சஹன் என்கிற அந்தப் பெரிய தட்டில் குவித்து, மேலே கொஞ்சம் மீன் ஆணம் ஊற்றி, நாலு பேரும் சுற்றி உட்காருவார்கள்.

"ஓரத்துலேர்ந்து தின்னுங்க புள்ளைகளா. நடுவுல யாரும் கை வைக்கக்கூடாது" என்பாள் சபுரா.

பரக்கத் சோற்றின் நடுவில்தான் இறங்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். கலந்தர் ஊரில் இருந்தபோது பிள்ளைகளுக்கு அதை விளக்கியிருக்கிறான். "ஒட்டகம் காலை மடிச்சு மண்ணுல உக்காருறதுக்கும், குளத்துல தண்ணி தேங்கி நிக்கிறதுக்கும் அரபுக்காரங்க இந்தச் சொல்லோட சொந்தக்காரச் சொல்லுங்களைத்தான் சொல்லுவாங்க. நிறைய வாரது பரக்கத் இல்ல வாப்பா. வந்தது எழும்பிப் போகாம தங்குறதுதான் பரக்கத்."

அது இறங்குவது மனிதர் கண்ணுக்குத் தெரியாது. பூனைக்குத் தெரியும். சபுரா வீட்டுச் செவலைப் பூனை சஹனின் ஓரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, "வந்துட்டுது ராத்தா, நடுவுல உக்காந்துட்டுது. இனி பிஸ்மி சொல்லுங்க" என்று அறிவிக்கும். அதன் பிறகுதான் கை வைப்பார்கள். உழக்குச் சோறு நாலு வயிற்றுக்கும் போதும். பூனைக்கும் ஓர் உருண்டை மிஞ்சும்.

அப்படி இருக்கையில் முபாரக்குக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம் கொடுத்தாள், ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏழாம் நாள் பிள்ளை தலைகூடத் தூக்கவில்லை. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி அல்லாஹ்கிட்ட துஆ கேளும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று சபுராவுக்குத் தெரியாதா?

அன்று பகலில் சோற்றைக் குவித்தாள். பெரிய பிள்ளைகள் இரண்டும் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தன. பூனை வழக்கம்போல வந்து, "உக்காந்துட்டுது ராத்தா" என்றது.

சபுரா நடுச்சோற்றையே பார்த்தாள். நாலு பேருக்கும் பொதுவாக வந்து உட்கார்ந்திருப்பதை ஒரே பிள்ளைக்கு அள்ளிக் கொடுத்தால் என்ன? அவன் பேரே முபாரக் அல்லவா? அவனுக்கு ஆகாத பரக்கத் வேறு யாருக்கு ஆகப்போகிறது? பெற்ற வயிறு இப்படித்தான் கணக்குப் போடும். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் நினைப்பது பூனைக்குப் புரிந்துவிட்டது. "ராத்தா, வேணாம். நடுவுல கை போடாதீங்க."

"நீ பேசாம இரு. இதை நீ யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அந்த ரெண்டு புள்ளைகளுக்கும் தெரிஞ்சா, எங்க பங்கையும் எடுத்துக் கொடுத்தாங்கன்னு காலத்துக்கும் மனசுல வெச்சிருக்கும். அல்லாஹ் மேல ஆணையிட்டுச் சொல்லு."

பூனை தயங்கியது. "என் வாயப்பத்தி உங்களுக்குத் தெரியும். ஒண்ண மட்டும் மறைச்சு மத்ததையெல்லாம் பேச எனக்கு வராது. மறைக்கணும்னா மொத்தப் பேச்சையும் விட்டாத்தான் முடியும்."

"அப்ப விட்டுடு" என்றாள் சபுரா. பிள்ளை முனகிக்கொண்டிருந்தான். அவளுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

"சரி ராத்தா. அல்லாஹ் மேல ஆணை" என்றது பூனை.

சபுரா நடுவில் கையை விட்டு அள்ளினாள். முபாரக்கை மடியில் சாய்த்து ஊட்டினாள். ஏழு நாளாக எதையும் விழுங்காதவன் மூன்று வாய் தின்றான். "சூடா இருக்கும்மா" என்று சிரித்தான். சபுரா அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுதுவிட்டாள். பெரிய பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, குழிந்திருந்த சோற்றை ஒன்றும் கேட்காமல் தின்றுவிட்டு எழுந்தன. அன்று மைமூன் விரலை வெகுநேரம் சூப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகலில் முபாரக் மவுத்தாகிவிட்டான்.

ஊரார் வந்தார்கள், குளிப்பாட்டினார்கள், சின்னக் கபுரு ஒன்று வெட்டி அடக்கிவிட்டு வந்தார்கள். "அல்லாஹ் கொடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான். சபுரு செய்யி, பொறுத்துக்க" என்று பெண்கள் தேற்றினார்கள். சபுரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூட்டம் கலைந்ததும் எழுந்து போய்ப் பூனையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீதான் பாத்தே. சொல்லு. நான் கை வெச்சதும் அது எழும்பிப் போயிருச்சா? அதனாலதான் என் புள்ள போனானா? இல்ல, அந்த மூணு வாயில அவனோடயே போச்சா?"

பூனை அவளைப் பார்த்தது.

"அந்த ஆணையிலேர்ந்து உன்னை விட்டுட்டேன். ஊரெல்லாம் போய்ச் சொல்லு. எனக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போவும், சொல்லு."

அவள் கேட்டு வாங்கியதுதான் என்றாலும், அல்லாஹ் மேல் இட்ட ஆணையை விடுவிக்க அவள் யார்? பூனை வாயைத் திறந்தது. ஒரு கூப்பாடு மட்டும் வந்தது, பச்சைப் பிள்ளை அழுவதுபோல. சபுரா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டில் உழக்கு அரிசிதான் வெந்தது. சோறு மூன்று பேருக்கும் போதுமானதாகவே இருந்தது. பரக்கத் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டதா, தின்ன ஒரு கை குறைந்ததால் போதுமானதாக இருக்கிறதா என்று சபுராவுக்குத் தெரியவில்லை. சாகும்வரைக்கும் தெரியவில்லை.

அன்று முதல்தான் பூனை பேசுவதில்லை. எந்த வீட்டில் சஹன் வைத்தாலும் ஓரத்தில் வந்து நின்று, நடுச்சோற்றைப் பார்த்து, பிறகு அந்த வீட்டுத் தாயின் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து திறந்து அழுகிறது.