அண்டாவுக்குள் உட்கார்ந்த ஆசீர்வாதம்

தேரிக்காட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. கிறிஸ்தவக் கோயில். அதன் வளாகத்தில் ஒரு கிடாவும், ஒரு கோழியும், ஒரு வான்கோழியும், ஒரு வாத்தும் குடியிருந்தார்கள்.

கிடாவின் பெயர் ஆசீர்வாதம். பெயரில் இருந்தது கழுத்துக்கு உதவவில்லை, பாவம். அந்த வருஷத்து அசனத்துக்கு அவனை ஒரு குடும்பத்தார் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள். அசனம் என்பது ஊரே கோயிலில் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுகிற விருந்து. அரிசி ஆளுக்கொரு படி ஊரார் கொடுப்பார்கள். கறியை ஆசீர்வாதம் கொடுக்க வேண்டும்.

அசனத்துக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது.

அவனை யாரும் கட்டிப்போடவில்லை. அவ்வளவு சாது. வளாகத்துக் கதவோ கீல் கழன்று எந்நேரமும் திறந்தே கிடந்தது. அதைத் தாண்டினால் சிவந்த மணலும், பனையும், உடைமரமும், கீழே உதிர்ந்து கிடக்கும் நெற்றும்தான். வேறு எந்த ஆடாக இருந்தாலும் இந்நேரம் ஓடியிருக்கும், நானும் வேறு கதை தேடிப் போயிருப்பேன். ஆனால் ஆசீர்வாதத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் செய்வதென்றாலும் படித்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

படித்தவர்கள் இருவர் பக்கத்திலேயே இருந்தது அவனுடைய போதாத காலம்.

வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் வேதபாடம் நடக்கும். ஐயர், அதாவது அந்தக் கோயிலின் போதகர், தெற்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, எல்லாம் ஆண்டவர் முன்குறித்தபடியே நடக்கும் என்பார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, மனுஷனுக்குச் சுயசித்தம் உண்டு என்பார். கடைசியில் இருவரும் சேர்ந்து முழங்கால்படியிட்டு ஜெபித்துவிட்டு, ஒரே பெஞ்சில் காப்பி குடிப்பார்கள். அந்த வருஷமெல்லாம் தெற்கு ஜன்னலடியில் மேய்ந்தது வான்கோழி சத்தியநேசன். வடக்கு ஜன்னலடியில் சேற்றைக் கிளறியது வாத்து தர்மசிங். ஒரு ஜன்னலில் விழுவது மறு ஜன்னலில் விழாது. அரைப் பாடத்தை வைத்துக்கொண்டு இருவரும் முழுப் பண்டிதர்களாகிவிட்டார்கள்.

ஆசீர்வாதம் முதலில் சத்தியநேசனிடம் போனான். கதவு திறந்திருக்கிறது, நான் ஓடலாமா என்று கேட்டான்.

சத்தியநேசன் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினார். சாரம் இதுதான். ஆசீர்வாதம் குழம்பாக வேண்டும் என்று உலகத்தோற்றத்துக்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தால், அவன் இலங்கைக்கு ஓடினாலும் அங்கே ஒரு அடுப்பு காத்திருக்கும். உயிரோடிருக்க வேண்டும் என்று குறிக்கப்பட்டிருந்தால், கொதிக்கிற எண்ணெயில் விழுந்தாலும் சளிகூடப் பிடிக்காது. ஆகவே ஓடுவது வீண் வேலை. அது அவிசுவாசமும்கூட.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசீர்வாதத்துக்கு இன்னொரு படித்தவரையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேராகத் தர்மசிங்கிடம் போனான்.

தர்மசிங் இறக்கையை உதறி, சத்தியநேசன் ஒரு மூடன் என்று ஆரம்பித்தார். ஆசீர்வாதம் முழுச் சுதந்திரம் உள்ளவன். ஓடுவதும் நிற்பதும் அவன் இஷ்டம். கிடாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அப்படியானால் ஓடுகிறேன் என்று திரும்பினான்.

"நில்லும்வே," என்றார் தர்மசிங். "எதுக்கு ஓடுதீரு?"

"பயமா இருக்கு அண்ணாச்சி."

"அப்போ ஓடப்போறது நீரு இல்லவே, பயம். பயம் தள்ளி ஓடுனா அது என்ன சுயசித்தம்? மொதல்ல பயத்த விடும். அதுக்குப் பொறவு உம்ம சொந்த விருப்பத்துல தாராளமா ஓடும்."

சாகப்போகிறவனிடம் சாவு பயத்தை விட்டுவிட்டு வரச் சொன்னார் அந்தப் புண்ணியவான். இதைச் சொன்ன மூக்கில் ஒரு குத்து விட வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறது. ஆசீர்வாதமோ தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து, பயத்தை விட முயற்சி செய்தான். ஒரு நாள் முழுக்க மூச்சைப் பிடித்துப் பார்த்தான். விக்கல்தான் வந்தது.

கோழி பாக்கியத்தாய் ஏழு குஞ்சுகளோடு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஜன்னலடியில் நிற்க நேரம் கிடையாது. கிடா விக்குவதைப் பார்த்து, என்ன சங்கதி என்று விசாரித்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஏல ஆசீர்வாதம்," என்றாள் அவள், "கதவு தெறந்துதான கெடக்கு?"

"அதெல்லாம் சரி அக்கா. ஆனா தேவசித்தம் என்னன்னு தெரிய வேண்டாமா?"

பாக்கியத்தாய் பதில் சொல்வதற்குள் மேலே பருந்தின் நிழல் தெரிந்தது. ஏழு குஞ்சுகளையும் பக்கத்தில் நின்ற ஒரு வண்டிக்கடியில் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஓடும்போதே ஆண்டவரே ஆண்டவரே என்று கூவிக்கொண்டும் போனாள். படிக்காதவளின் பதற்றத்தைப் பார்த்துப் பண்டிதர்கள் இருவரும் பரிதாபப்பட்டார்கள்.

அசனத்துக்கு முந்திய நாள் ஊராட்கள் வந்து கல்லடுப்பு கூட்டினார்கள். விறகு அடுக்கினார்கள். ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான செம்பு அண்டா ஒன்றை உருட்டி வந்து அடுப்பில் ஏற்றினார்கள். ஆசீர்வாதம் அதைப் பார்த்தான்.

மறுபடியும் இரண்டு பேரிடமும் ஓடினான். அன்றைக்கு ஒரு அதிசயம் நடந்தது. எதிலும் ஒத்துப்போகாத அந்த இருவரும் ஒரே புத்திமதி சொன்னார்கள்.

சத்தியநேசன் சொன்னார், அண்டாவுக்குள் போய் உட்கார், அதுதான் முன்குறித்தலை நம்புகிறவனுக்கு அடையாளம் என்று. தர்மசிங் சொன்னார், அண்டாவுக்குள் போய் உட்கார், பயத்தை அதன் இடத்திலேயே சந்தித்தால்தான் அது போகும் என்று.

இரண்டு எதிர்க்கட்சிகளும் ஒரே ஆளுக்கு ஓட்டுப் போட்டால் அது சரியாகத்தானே இருக்கும் என்று கிடா நினைத்தான். மறுநாள் விடியற்காலை, விறகுக் குவியல்மேல் ஏறி, அண்டாவுக்குள் தொப்பென்று குதித்து, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான். பண்டிதர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் விளிம்பில் ஏறி நின்று, தங்கள் உபதேசம் பலிப்பதைப் பார்த்துப் பூரித்தார்கள்.

சமையல்காரர் எபநேசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அண்டாவைக் கழுவலாம் என்று எட்டிப் பார்த்தார். உள்ளே கிடா, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையாட்டம் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

எபநேசர் நாற்பது வருஷமாக அசனம் சமைக்கிறவர். ஆட்டைத் துரத்தி முட்டி பெயர்ந்ததுண்டு. தானாக வந்து பாத்திரத்தில் ஏறிய ஆட்டை அவர் கண்டதில்லை.

"ஸ்தோத்திரம்," என்றார் கண் கலங்கி. "மசாலா மட்டும்தான் பாக்கி." சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டக் கோயிலுக்குப் பின்னால் போனார்.

கல்லில் கத்தி உரசும் சத்தம் வந்தது.

"இப்போ நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான் ஆசீர்வாதம்.

அசையாதே, அசைந்தால் அவிசுவாசம் என்றார் சத்தியநேசன். பயம் போய்விட்டதா என்று கேட்டார் தர்மசிங். இல்லை, கூடிவிட்டது என்றான். அப்படியானால் இன்னும் ஓடுகிற பக்குவம் வரவில்லை, கொஞ்சம் பொறு என்றார்.

ஆசீர்வாதம் முதன்முறையாகப் படித்தவர்களை விட்டுவிட்டு மேலே பார்த்தான். அண்டாவின் வாய் வழியாக வட்டமாகக் கொஞ்சம் வானம் தெரிந்தது.

"ஆண்டவரே," என்றான், "உம்ம சித்தம் என்னன்னு ஒரு வார்த்த சொல்லும். ஒரே ஒரு வார்த்த."

வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அண்டாவுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். என்னவென்று குனிந்து பார்த்தான். அவனுடைய குளம்புகள்தான். செம்பில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தன. நடுங்கச் சொல்லி அவன் கட்டளையிடவில்லை. அந்தக் கால்களை அவன் செய்யவும் இல்லை. உயிர்மேல் இத்தனை ஆசையைத் தனக்குள் வைத்ததும் தான் இல்லை என்பது அந்த மந்த புத்திக்கு அப்போதுதான் உறைத்தது. இதையெல்லாம் வைத்தவர் ஓடாதே என்று எங்கே சொன்னார்? வான்கோழியல்லவா சொன்னது!

சத்தியநேசன் அடுத்த வசனத்துக்குத் தொண்டையைச் செருமினார். ஆசீர்வாதம் காத்திருக்கவில்லை. கால்களைக் கூட்டி ஒரே தாவு. விறகு உருண்டது. கீல் கழன்ற கதவு தடாலென்று விழுந்தது. அதற்குள் அவன் தேரி மணலில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தான்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவிடாமல் செய்தவர்கள் அந்தப் பண்டிதர்கள்.

"பாத்தீரா?" என்றார் சத்தியநேசன். "அவன் குதிக்கணும்னு ஆதியிலேயே குறிச்சிருக்கு."

"அவன் இஷ்டத்துக்குக் குதிச்சான்வே. என் கண்ணால பாத்தேன்," என்றார் தர்மசிங்.

வாதம் சூடு பிடித்தது. விளிம்பில் நின்று வாதாடினால் கால் வழுக்குகிறது என்று இருவரும் அண்டாவுக்குள்ளேயே இறங்கிக்கொண்டார்கள். உள்ளே குரல் நன்றாக எதிரொலித்தது, அதில் இருவருக்கும் மிகுந்த திருப்தி. எபநேசர் கத்தியோடு திரும்பி வந்தார். கிடாவைக் காணவில்லை. ஊர் முழுக்கச் சாப்பிட வருகிறது. அண்டாவுக்குள் கொழுத்த வான்கோழி ஒன்றும் வாத்து ஒன்றும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

அவர் நிழல் மேலே விழுந்தது. பறந்துவிடுவோமா என்று தர்மசிங் கேட்டார். அதை நாமா தீர்மானிப்பது என்று சத்தியநேசன் கேட்டார். நல்ல கேள்வி என்றார் தர்மசிங். அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாக ஒத்துப்போன விஷயம்.

அந்த வருஷத்துக் குழம்பில் உருளைக்கிழங்கு கொஞ்சம் அதிகம். மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று ஊரார் சொன்னார்கள்.

நாலு நாள் கழித்து, பாக்கியத்தாய் குஞ்சுகளோடு தேரிப் பக்கம் இரை தேடி வந்தாள். உடைமரத்தடியில் ஆசீர்வாதம் நெற்று தின்றுகொண்டிருந்தான். இந்த நாலு நாளில் இரண்டு தடவை நரி துரத்தியது என்றும், இரண்டு தடவையும் யாரையும் கேட்காமல் ஓடிவிட்டதாகவும் சொன்னான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்க ஆசையாக இருந்தது.

"ஏல, அந்தப் பாவப்பட்டதுக ரெண்டும் செத்ததே இந்தக் கேள்வியிலதான். நீயே சொல்லிரு. அன்னைக்கு அண்டாவ விட்டுக் குதிச்சது நீயா, ஆண்டவரா?"

ஆசீர்வாதம் வாயிலிருந்த நெற்றை மென்று விழுங்கினான்.

"நான்தான் குதிச்சேன் அக்கா," என்றான். பிறகு தன் தொந்தியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "ஆனா இந்த வயித்த வச்சிக்கிட்டு, அந்த உசரத்த, நான் மட்டும் தனியா குதிச்சிருக்கவே முடியாது."

ஆண்டவர் நடத்துவார் என்று நம்புகிறவன்தான் முதலில் எழுந்து நடக்க வேண்டும்.