பாகற்கொடியின் மூன்றாவது கை

கோட்டைச்சாமிக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய குரு அமலிக்கு முப்பத்தாறு. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் திண்டுக்கல்லில் நிறையப் பேர். அவர் மனைவியும் அதில் சேர்த்தி.

இருபத்தாறு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர் அவர். ஒருநாள், முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஒரு அவரை விதை மண்ணுக்குள் வெடித்தது. வேர் விட்டது. அந்த வேர், வழியில் கிடந்த கல்லைத் தொட்டுப் பார்த்து ஒதுங்கிப் போனது. கோட்டைச்சாமி கையிலிருந்த வடையை மறந்தார். முகூர்த்தத்தையும் ஏறக்குறைய மறந்தார்.

படத்தின் முடிவில் வந்த பெயர் அமலி. விசாரித்தால், ஆள் பக்கத்தில் சிறுமலையில்தான் இருக்கிறார். அடுத்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டார்.

அமலி கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். வேலையை உதறிவிட்டு, செடிகொடிகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடத்தும் குடித்தனத்தைப் படம் பிடிக்க வந்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து நின்றவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தார்.

"இன்னும் பத்து நாள்ல அடுத்த படத்துக்கு வால்பாறை போறேண்ணே. கூட ஒரு ஆளைத்தான் கூட்டிட்டுப் போக முடியும். கொல்லையில பாகற்கொடி இருக்கு. அது ஏதாவது ஒண்ணைப் பிடிக்கிறதை எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

"இவ்வளவுதானா டீச்சர்?"

"இவ்வளவுதான்."

எடுக்காவிட்டால் மறுபடி மண்டபம்தான். மறுபடி 'கொஞ்சம் சிரிங்க, இந்தப் பக்கம் திரும்புங்க'தான்.

கொடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டார். ஸ்டாண்டை நிறுத்தி, நிமிஷத்துக்கு ஒரு படம் விழும்படி கேமராவை முடுக்கினார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டை ஒட்டி உட்கார்ந்தார். பாகற்கொடியிலிருந்து நூல் மாதிரி ஒன்று நீளுமே, அதைப் பாடப்புத்தகம் பற்றுக்கம்பி என்கிறது. கோட்டைச்சாமி அதைக் கை என்றே சொன்னார்.

கண்ணால் பார்த்தால் அந்தக் கை சும்மா இருந்தது. சாயங்காலம் படங்களைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தால், அம்மாடி! காற்றில் வட்டம் போடுகிறது. இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றித் தேடுகிறது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. குச்சியைத் தொடுமா, தொடாதா என்று நான்கு நாள் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் சாப்பிடப் போய்விட்டு வந்தார். பேட்டரி தீர்ந்து கேமரா நின்றுபோயிருந்தது. கை குச்சியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததைக் கல்யாண வீடியோக்காரர் மட்டும்தான் செய்வார். தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது ஒரு சித்தப்பா குறுக்கே வந்து மறைத்துவிடுவார். கூட்டம் கலைந்ததும் கோட்டைச்சாமி போய், "மாப்ளே, தாலியை இன்னொரு தடவை கழுத்துகிட்ட கொண்டு போங்க, அப்படியே பொண்ணைப் பாருங்க" என்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு மாப்பிள்ளையும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இரண்டு விரலால் அந்தக் கையை மெல்லப் பிரித்தார். குச்சியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி நட்டார். பேட்டரியை மாற்றினார். கொடியும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் திரும்பவும் சுற்றிக்கொண்டது.

மறுநாள் காலை, இருபது விநாடிப் படத்தை அமலி முன்னால் ஓட்டினார். தன் குரலிலேயே வர்ணனையும் சேர்த்திருந்தார். "இதோ, தன் துணையைத் தேடி நீளுகிறது ஒரு கை..."

"சத்தத்தைக் குறைங்கண்ணே."

குறைத்தார். அமலி ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். கை குச்சியைத் தொடுவதற்கு முன்னால் படத்தை நிறுத்தினார்.

"அழகா எடுத்திருக்கீங்க. ஆனா இது ரெண்டாங் கல்யாணமாச்சே."

"டீச்சர்?"

"மொதத் தடவை தேடுற கை, சுத்தினாலும் நேரா நீண்டிருக்கும். இது வரும்போதே வளைஞ்சு வருது பாருங்க. ஏற்கனவே எதையோ பிடிச்சிருந்துருக்கு."

கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சூடாகிவிட்டது. பேட்டரி கதையைச் சொன்னார். விரலால் பிரித்ததையும் சொன்னார்.

அமலி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"நாலு நாள் எடுத்தீங்களே, மிச்சம் எங்க?"

"அது வேஸ்ட் டீச்சர். சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. வெட்டிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல, கார்டுல கெடக்கு."

"ஓட்டுங்க."

நான்கு நாள் இரண்டே நிமிஷத்தில் ஓடி முடிந்தது.

"எத்தனை கை பாத்தீங்க?" என்று கேட்டார் அமலி.

"ஒண்ணு."

"இன்னொரு தடவை ஓட்டுங்க."

இந்தத் தடவை கோட்டைச்சாமி குச்சியைப் பார்க்கவில்லை. மேல் மூலையில் இன்னொரு கை சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் அது தன்னையே சுருட்டிக்கொண்டு வாடிப்போனது. அதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. அது தேடியதை அவர் பார்க்கவே இல்லை.

"ரெண்டு" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இருங்க, இருங்க. கீழ ஒண்ணு இருக்கு."

கீழே இருந்த மூன்றாவது கை குச்சியின் பக்கமே போகவில்லை. வட்டம் போட்டுக்கொண்டே இறங்கி, இரண்டாம் நாள் காலையில் படத்தை விட்டு வெளியே போனது. திரும்பி வரவில்லை.

"அது எங்க போச்சு டீச்சர்?"

"எனக்கெப்படித் தெரியும்? அங்க உக்காந்திருந்தது நீங்களா, நானா?"

கோட்டைச்சாமி செருப்புகூடப் போடாமல் கொல்லைக்கு ஓடினார்.

ஸ்டாண்டு நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில் அவருடைய ஸ்டூல். குனிந்து பார்த்தார். ஸ்டாண்டின் முன்காலை அந்தக் கை நான்கு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தது. பிடித்ததோடு விடவில்லை. நடுவில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, பாதிவரை ஒரு பக்கமாகவும் மீதி எதிர்ப்பக்கமாகவும் முறுக்கிக்கொண்டு, கொடியையே ஸ்டாண்டை நோக்கி இழுத்து வைத்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். அவர் முழங்காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

தொட்டுப் பார்க்க அவர் கை போனது. இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டார். அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏறுவெயில் முதுகில் அடித்தது அவருக்குத் தெரியவே இல்லை.

உள்ளே வந்தபோது அமலி பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாண்டைப் பிடிச்சிருக்கு டீச்சர். ரெண்டு நாளா பிடிச்சிக்கிட்டு நிக்கிது. என் முழங்காலுக்குப் பக்கத்துல. நான் பாக்கல. படமும் இல்ல."

கோட்டைச்சாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த இருபது விநாடிப் படத்தை அழித்தார். காட்டுவதற்கென்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். எழுந்து பையில் வேட்டி துண்டுகளை அடுக்கினார்.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்புறேன் டீச்சர்."

"ஸ்டாண்டு?"

"அது இருக்கட்டும். எடுத்தா கை அந்து போயிரும். காய்ச்சு ஓயட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்."

அமலி கண்ணாடியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"திங்கக்கெழம காலையில ஆறு மணிக்கு ஜீப் வரும். ஊருக்குப் போனதும் வேற ஸ்டாண்டு வாங்கி வெச்சிருங்கண்ணே. அது இல்லாம வால்பாறையில வந்து என்ன பண்ணுவீங்க?"

கோட்டைச்சாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே போயிருக்கலாம். ஆனால் அவரை ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். கொடிக்குக் கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. நான் அதுக்குன்னே நட்ட குச்சியை விட்டுட்டு, அந்தப் பக்கம் ஸ்டாண்டு நிக்கிதுன்னு அந்தக் கைக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அதுக்கு எங்கண்ணே தெரிஞ்சது? அது சும்மா தேடிக்கிட்டே போச்சு. குச்சியைத்தான் பிடிக்கப் போகுதுன்னு உங்களுக்குத்தான் மொதல்லயே தெரிஞ்சிருந்தது."