தாளாளரின் சிவப்புக் கோடு

எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரியின் தாளாளர் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்ப்பார்: பெற்றோரின் படிப்பு. அவர்கள் படிக்காதவர்கள் என்றால் சிவப்பு மையில் ஒரு கோடு, "தகுதியில்லை" என்று ஒரு முத்திரை.

உப்பளத் தொழிலாளியின் மகள் பேச்சித்தாய் நல்ல மதிப்பெண்ணோடு போய் நின்றாள்.

"வீட்ல படிப்பு வாசனையே இல்ல. நீ இங்க தாக்குப்பிடிக்க மாட்டம்மா" என்றார். கோடு விழுந்தது.

அவள் வெளியே போய் இன்னொரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். "இதையும் பாத்திருங்க சார். நம்ம ஊர்க்காரர்தான்."

அப்பா படிக்காத பனையேறி, அம்மா கைநாட்டு. தாளாளர் அதிலும் கோடு போட்டு முத்திரை குத்தினார்.

"பேரையும் வாசிங்க சார்."

வாசித்தவர் முகம் வெளிறிவிட்டது. கல்லூரியைத் தொடங்கிய அவருடைய தாத்தாவின் பெயர். தலைக்கு மேலே மாலையோடு தொங்குகிறாரே, அவரேதான்.

"எல்லாம் உங்க கல்லூரிக் கையேட்டுல முதல் பக்கத்துல இருக்கறதுதான் சார். அவருக்கே இங்க இடமில்லன்னா எனக்கு எப்படிக் கிடைக்கும்?"

அந்தத் தாளை எடுத்துப்போய் வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள். சிரிப்புச் சத்தம் தாளாளர் அறை வரைக்கும் கேட்டது.

மறுநாள் அந்தக் கட்டத்தை நீக்கியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? கையேட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள்.