வெறும் மணலுக்கு வேலி

அஞ்சாப்புலி மீன் ஏலம் விட்ட காலத்தில், அவர் தொண்டைக்குப் பயந்தே பாதிப் பேர் பேரம் பேசாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட மனுஷர், தன்னைவிட வயதில் சின்னவரான தில்லைநாயகி அம்மாளிடம் சீடராய்ப் போய்ச் சேர்ந்தது ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அம்மாள் அதிகம் பேசமாட்டார். அதற்கும் சேர்த்து இவர் பேசினார்.

சித்திரைப் பௌர்ணமி அன்று அம்மாள் கூப்பிட்டார்.

"தெற்கு மணல்ல ஆலாக்குருவிங்க முட்டை வச்சிருக்கு. இன்னிக்கு ஊரே கட்டுச்சோறோட கடற்கரைக்கு வரும். மிதிபடாமப் பாத்துக்குங்க."

"இதெல்லாம் ஒரு வேலையாம்மா?" என்று அஞ்சாப்புலி வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஆலா சின்னக் கடல் பறவை. கூடு கட்டாது. மணலை லேசாகக் குழித்து இட்டுவிடும். முட்டையும் மணல் நிறம். குனிந்து தேடினாலும் சட்டென்று கண்ணில் படாது. அஞ்சாப்புலி சுற்றிலும் சவுக்குக் கழி நட்டார், கயிறு கட்டினார், நடுவில் போய் நின்றுகொண்டார்.

வெயில் தாழுமுன்பே ஜனம் வர ஆரம்பித்தது.

"என்னண்ணே, கயிறெல்லாம் பலமா இருக்கு?"

"உள்ள முட்டை இருக்கு. கிட்ட வராத."

"என்ன முட்டை? காட்டுங்க, பாத்துட்டுப் போயிடறோம்."

"காட்டறதுக்கு இதென்ன பொருட்காட்சியா? போய்யா!"

"பொது இடம்யா இது. உங்க வீட்டுக் கொல்லையா?"

அவ்வளவுதான். கழியை உருவிக்கொண்டு பாய்ந்தார். சத்தம் கேட்டு இன்னும் கூட்டம் சேர்ந்தது. தலைக்கு மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டே சுழன்றன, ஒன்றும் இறங்கவில்லை. அடைகாக்கப் பறவையில்லாமல் முட்டைகள் சூட்டில் கிடந்தன. நாலு பேரை விரட்டிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினார். காலடியில் ஏதோ பிசுக்கென்றது. எவன்டா மிதித்தவன் என்று கத்த வாயைத் திறந்தார். மிதித்தது அவர் கால்.

கொட்டகைக்கு ஓடினார்.

"அம்மா, மொத்தக் கூட்டமும் அங்கதான் மொய்க்குது! கூட ரெண்டு தடியனுங்களக் குடுங்க. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

அம்மாள் கேட்டார், "ஏலத்துல கூட்டம் எந்தக் கூடைகிட்ட கூடும்? நல்ல மீன் இருக்கற கூடைகிட்டயா?"

"நல்ல மீனாவது ஒண்ணாவது! நான் எதுகிட்ட நின்னு கத்தறனோ, அதுகிட்ட கூடும்."

சொன்னவர் அப்படியே நின்றார்.

அம்மாள் எழுந்து தெற்கு மணலுக்கு நடந்தார். பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கழிகளைப் பிடுங்கினார். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவுத்துட்டா இருக்கறதையும் மிதிச்சுடுவாங்களேம்மா!"

அம்மாள் வடக்கே வெகுதூரம் போய், வெறும் மணலைச் சுற்றி அதே கழிகளை நட்டுக் கயிறு கட்டினார்.

"உள்ள நில்லுங்க."

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னன்னு கத்தறது?"

"அங்க கத்துனதையே கத்துங்க."

அஞ்சாப்புலி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "எவனும் கிட்ட வராதீங்க!"

வந்தார்கள். "இடத்த மாத்திட்டாங்கடா!" என்று ஒருவன் ஓட, பின்னாலேயே ஊர் வந்தது. கயிற்றைச் சுற்றி உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தது. ஆமை என்றார் ஒருவர். ஐம்பொன் சிலை என்றார் இன்னொருவர். அஞ்சாப்புலி அதட்ட அதட்ட, வட்டம் பெருத்தது. இடையில் ஒரு முறை தெற்கே பார்த்தார். ஆள் அரவமில்லாத மணலில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒவ்வொன்றாய் இறங்கிக்கொண்டிருந்தன.

நிலா எழும்பியபோது ஒருவன் கயிற்றைத் தாண்டிக் குதித்து மணலைக் கிளறினான்.

"ஒண்ணுமே இல்லடா! ஏமாத்திட்டாண்டா பெருசு!"

"ஏலத்துலயும் இப்படித்தான் அழுகல் மீனைத் தள்ளிவிட்டிருப்பான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அஞ்சாப்புலியின் கை கழியை இறுக்கிப் பிடித்தது. முட்டை அங்கேடா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் திரும்பிவிடும். வார்த்தை பல்வரைக்கும் வந்தது. கடித்து விழுங்கினார். ஜனம் மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

கொட்டகைக்கு வந்தும் அவருக்கு ஆறவில்லை.

"அம்மா, ஒரு நாள்கூட நான் அழுகல் மீனை வித்தவன் இல்ல. இன்னிக்கு ஊருக்கெல்லாம் நான் ஏமாத்துக்காரன். எதுக்காகப் பேச்சு வாங்குனேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தக் குருவிங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாது," என்றார் அம்மாள். "காலையில அந்தப் பக்கம் போனீங்கன்னா, உங்களையும் மண்டையில கொத்தும்."